ஒரே சுருதியின் அபாயம்: எரியறைகளின் ஓசை பற்றி

1

‘ஒழுங்கின்மை’ என்ற சொல் நம் சிறுபத்திரிகைகளுக்குள் நுழைந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. கேயாஸ், ஃப்ராக்டல், பட்டாம்பூச்சியின் சிறகசைப்பு என்று தொண்ணூறுகளில் ஒரு அலை அடித்து ஓய்ந்தது. அந்த அலையில் ஒரு தரப்பு, ஒழுங்கு என்றாலே அதிகாரம், ஒழுங்கின்மை என்றாலே விடுதலை என்று எழுதியது. இன்னொரு தரப்பு, ஒழுங்குதான் அறிவியல், மற்றதெல்லாம் குழப்பவாதம் என்று பதில் சொன்னது. இரண்டு தரப்புமே கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கணிதம் எந்த உலோகத்துக்குள், எந்தத் தீயின் மேல், யாருடைய உயிருக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது?

சென்னை ஐ.ஐ.டி.யின் விண்வெளிப் பொறியியல் துறையில் ஆர்.ஐ.சுஜித்தும் அவரது மாணவர்களும் பல வருஷங்களாகச் செய்துவரும் ஆராய்ச்சியை இந்தக் கேள்வியோடு சேர்த்து வாசிக்கலாம். ராக்கெட் எஞ்சின், காஸ் டர்பைன், பெரிய பர்னர் ஆகியவற்றின் எரியறைகளுக்குள் தானாகவே எழுந்து வளரும் பேரொலியைப் பற்றிய ஆராய்ச்சி அது. ஆங்கிலத்தில் ‘தெர்மோஅக்கூஸ்டிக் இன்ஸ்டெபிலிடி’ என்பார்கள். ‘வெப்ப-ஒலி நிலைகுலைவு’ என்று இங்கே வைத்துக்கொள்வோம். சொல் கரடுமுரடாக இருக்கிறது, விஷயம் அப்படியல்ல. எரியறையில் இரைச்சல் எப்போதும் உண்டு, அதனால் பெரிய கெடுதல் இல்லை. அந்த இரைச்சல் அடங்கி, ஒரே சுருதியாகத் திரளும்போதுதான் ஆபத்து வருகிறது.

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, தமிழ் படித்த ஒருவன் இதை எழுத என்ன அவசியம் என்று தோழர்கள் கேட்கலாம். ஜூஜூவாடி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பாய்லர், ஃபர்னஸ், பர்னர் என்று ஏதோ ஒன்று எரிந்துகொண்டே இருக்கிற பிரதேசம் இது. இங்கே தீ என்பது செய்தியாகும்போது மட்டுமே நம் கண்ணில் படுகிறது. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும், அக்டோபரில் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் பட்டாசு வெடித்து எரிந்து பலர் இறந்தார்கள். அது கட்டை மீறிய தீ. நான் பேச வருவது வேறொரு தீ. மூன்று ஷிப்ட்டும் கட்டுக்குள் எரிவதாக நம்பப்படுகிற தீ, அந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டே எப்படி எதிரியாகிறது என்பது.

2

இரண்டு முனையும் திறந்த ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் கீழ்ப்பாதிக்குள் ஒரு கம்பிவலையை வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் குழாய் உரக்கப் பாட ஆரம்பிக்கும். ஹாலந்தின் லெய்டன் நகரில் பீட்டர் ரைக்கே என்பவர் 1859இல் இதைக் கண்டார். அதற்கும் முன்பு, 1777இல் பைரன் ஹிக்கின்ஸ், குழாய்க்குள் வைத்த ஹைட்ரஜன் சுடர் பாடுவதைக் கவனித்திருந்தார். ரைக்கேயின் குழாயில் வேடிக்கை என்னவென்றால், கம்பிவலையை மேல்பாதிக்கு நகர்த்தினால் பாட்டு நின்றுவிடும். குழாயைப் படுக்கவைத்தாலும் நின்றுவிடும். அதே வெப்பம், அதே குழாய். இடம் மாறினால் ஊமை.

காரணத்தைச் சொன்னவர் ராலே பிரபு, 1878இல். காற்று நெருக்கப்படும் தருணத்தில் வெப்பம் சேர்ந்தால் அதிர்வு வளரும். காற்று தளரும் தருணத்தில் சேர்ந்தால் அதிர்வு தேயும். ஊஞ்சல் ஆட்டிவிட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதல்ல, எப்போது தள்ளுகிறோம் என்பதே கணக்கு. சரியான நேரத்தில் ஒரு விரலால் தள்ளினாலும் ஊஞ்சல் ஏறும். தவறான நேரத்தில் இரண்டு கையாலும் தள்ளினால் நின்றுபோகும்.

இன்னொரு உதாரணம் நாதஸ்வரம். வாசிப்பவர் ஊதுவது ஒரே சீரான மூச்சு. அதைச் சீவாளி அதிர்வாக மாற்றுகிறது. குழலுக்குள் போன ஒலி திரும்பி வந்து சீவாளியையே ஆட்டுகிறது. ஆடிய சீவாளி மறுபடி குழலுக்குள் ஒலியை அனுப்புகிறது. எந்தச் சுருதி என்று தீர்மானிப்பதில் குழலின் நீளத்துக்குப் பெரும் பங்கு. எரியறையில் சீவாளியின் இடத்தில் தீ இருக்கிறது. எரிபொருளும் காற்றும் சீராகத்தான் உள்ளே வருகின்றன. தீயின் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினால் ஒலி பிறக்கிறது. ஒலி அறையின் சுவரிலும் முனையிலும் பட்டுத் திரும்பி வந்து தீயை அசைக்கிறது. அசைந்த தீ அதிக ஒலியைத் தருகிறது. தன் குரலின் எதிரொலிக்குத் தானே ஆடுகிற தீ.

இதில் வரவு செலவு உண்டு. தீ கொடுப்பது வரவு. வாய்வழியாக வெளியேறும் ஒலி, சுவரில் உராய்ந்து அழியும் ஒலி ஆகியவை செலவு. வரவு செலவை மிஞ்சினால் அதிர்வு பெருகுகிறது, ஓர் உயரத்தில் போய் நின்று, அங்கேயே நிலைத்துவிடுகிறது. ஒரு மீட்டர் நீளக் குழாயில் இது விநாடிக்கு 170 அதிர்வுகளுக்குப் பக்கத்தில் இருக்கும். குழாயாக இருந்தால் பாட்டு. அது ராக்கெட் எஞ்சினாக இருந்தால்?

3

சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 680 டன் உந்துவிசை. 1962 ஜூனில் சோதனை மேடையில் ஒரு எஃப்-1 எஞ்சின் இந்த நிலைகுலைவால் அழிந்தது. அதற்காகவே தனித் திட்டம் போட்டு, சுமார் 2000 முழு அளவுச் சோதனைகள் நடத்தினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் வேண்டுமென்றே சிறு குண்டு வெடிக்கவைத்து, எழும் அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்தார்கள். கடைசியில் கிடைத்த தீர்வு, எரிபொருள் பாயும் தட்டின் மேல் தடுப்புச் சுவர்கள் எழுப்பி அறையைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பது. பத்தில் ஒரு விநாடிக்குள் அதிர்வு அடங்கியது. தீர்வு கிடைத்தது என்பது உண்மை. அது பெரும்பாலும் போட்டு உடைத்துப் பார்த்துக் கிடைத்தது என்பதும் உண்மை.

நமக்குப் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 1980 மே 23 அன்று ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட் தன் இரண்டாவது பயணத்தில், புறப்பட்ட சில விநாடிகளிலேயே சிக்கலுக்கு உள்ளாகிக் கடலில் விழுந்தது. முதல் அடுக்கின் நான்கு வைக்கிங் எஞ்சின்களில் ஒன்றில் எழுந்த நிலைகுலைவே காரணம். அந்த வைக்கிங்கின் தொழில்நுட்பத்தை 1974 ஒப்பந்தத்தின்படி பிரான்ஸிடமிருந்து பெற்றுத்தான் இந்தியா ‘விகாஸ்’ எஞ்சினை உருவாக்கியது. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கை உந்துவது அதுதான். திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் திரவ எஞ்சின்களை மேடையில் ஏற்றி எரித்துப் பார்க்கும்போதெல்லாம், அழுத்தமானிகள் காத்திருக்கும் ஆபத்துகளில் இந்த ஒற்றைச் சுருதியும் ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் காஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் எண்பதுகளின் கடைசியில் தொடங்கிய ஜெட் எஞ்சினுக்குக் ‘காவிரி’ என்றே பெயர். ஜெட் எஞ்சின்களின் பின்னெரியறையில் எழும் இதே நோய்க்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் ‘ஸ்க்ரீச்’. அதாவது கிறீச்சிடல்.

மின்சாரம் தயாரிக்கும் காஸ் டர்பைன்களில் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. தீயின் வெப்பம் சுமார் 1500 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும்போது நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வேகமாக உருவாகின்றன. நகரங்களின் புகைமூட்டத்துக்கும் அமில மழைக்கும் அவை ஒரு காரணம். அதனால், எரிபொருளைக் குறைத்து, காற்றை அதிகமாகச் சேர்த்து, முன்பே கலந்து எரிக்கும் முறை வந்தது. புகை குறைந்தது. ஆனால் மெலிந்த தீ எளிதில் அசையும் தீ. சின்ன ஒலிக்கும் ஆடும். காற்றைச் சுத்தமாக்க எடுத்த நடவடிக்கை எஞ்சினை நிலைகுலைவின் விளிம்புக்குத் தள்ளியது. சூழலியல் பேசும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். இதைக் காட்டி, சுத்தமான தீயே வேண்டாம் என்று முதலாளி வாதிடலாம். அது பொய் வாதம். ஒரு பிரச்சினைக்கு வைக்கும் தீர்வு இன்னொரு இடத்தில் வேலைப்பளுவாகவும் ஆபத்தாகவும் போய் இறங்கும்போது, அதைச் சுமப்பது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

4

சென்னை ஆராய்ச்சி எந்த இடத்தில் புதிதாகப் பேசுகிறது?

பழைய பார்வை இப்படி: எரியறை சாதாரணமாக ஓடும்போது வருவது வெறும் இரைச்சல். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, கழித்துவிட வேண்டியது. வரவு செலவைத் தாண்டும் புள்ளியில் அதிர்வு பிறக்கிறது. இரைச்சல் ஒரு பக்கம், அதிர்வு ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு.

வினீத் நாயரும் சுஜித்தும் 2013, 2014 வாக்கில் வெளியிட்ட கட்டுரைகள் இந்தக் கோட்டை அழித்தன. சோதனைச்சாலை எரியறையில் எரிபொருளை மாற்றாமல் காற்றோட்டத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி, சுவரில் பதித்த அழுத்தமானியால் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். முதலில் தெரிந்தது, ‘வெறும் இரைச்சல்’ வெறும் இரைச்சல் அல்ல என்பது. அதற்குள் கேயாஸின் கட்டமைப்பு இருந்தது. பல அளவுகளில் தன்னைப் போலவே தன்னை மடித்துக்கொள்ளும் ஃப்ராக்டல் குணம் இருந்தது. இரண்டாவது, இரைச்சலிலிருந்து ஒற்றைச் சுருதிக்கு ஒரே தாவலில் போவதில்லை. நடுவில் ஒரு கட்டம் உண்டு. இரைச்சலுக்கு நடுவே திடீரென்று கொஞ்ச நேரம் சீரான அதிர்வு கிளம்பும், பிறகு அடங்கிவிடும். மறுபடி இரைச்சல். மறுபடி ஒரு கிளம்பல். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காற்றோட்டம் கூடக்கூட இந்தக் கிளம்பல்கள் அடிக்கடி வரும், நீண்ட நேரம் நிற்கும். கடைசியில் இடைவெளியே இல்லாமல் போய், அறை முழுக்க ஒரே சுருதி.

இங்கே ஒரு தலைகீழாக்கம் நடக்கிறது. பொறியியல் மொழியில் ‘நிலையான’ இயக்கம் எனப்படுவதுதான் கேயாஸ் நிறைந்தது. ‘நிலைகுலைவு’ எனப்படுவதுதான் கடிகாரம் போல ஒழுங்கானது. எங்கெங்கோ தன்போக்கில் சுழன்றுகொண்டிருந்த காற்றுச் சுழல்களும், தீயின் நெளிவுகளும், அறையின் ஒலியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. சுஜித் குழுவினர் பின்னால் இதை ஒத்திசைவு என்ற கருத்தாக்கத்தால் விளக்கினார்கள். 2021இல் சுஜித்தும் சமாதான் பவாரும் சேர்ந்து எழுதிய நூல், நிலைகுலைவைச் சிக்கல் அமைப்புகளின் நோக்கில் விரிவாகப் பேசுகிறது.

முன்னெச்சரிக்கைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று ஹர்ஸ்ட் எண். இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. ஹெரால்ட் ஹர்ஸ்ட் எகிப்தில் வேலை பார்த்த பிரிட்டிஷ் நீரியல் பொறியாளர். நைல் நதியின் பல நூற்றாண்டுக் கணக்குகளை வைத்துக்கொண்டு, நல்ல வருஷமும் வறண்ட வருஷமும் எப்படிக் கொத்துக் கொத்தாக வருகின்றன, அணை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 1951இல் எழுதினார். கால அளவை நீட்டிக்கொண்டே போனால் ஏற்ற இறக்கத்தின் வீச்சு எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதே அவர் கேட்டது. அதே கேள்வியை எரியறையின் அழுத்தத்திடம் கேட்டார்கள். இரைச்சலில் வீச்சு விரிந்துகொண்டு போகும். ஒரே சுருதியில் விரியாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே ஏற்றம், அதே இறக்கம். எனவே நிலைகுலைவை நெருங்கும்போது இந்த எண் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது. அதிர்வின் பலம் இன்னும் பெரிதாகாத கட்டத்திலேயே இறங்கத் தொடங்குகிறது. மீட்டர் முள் சிவப்புக்கு வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

பிறகு இன்னொரு அடி. எரியறைக்குள் எந்த இடத்தின் அசைவு எந்த இடத்தோடு பிணைந்திருக்கிறது என்று வலைப்பின்னலாக வரைந்து, அதிகப் பிணைப்புள்ள கணுக்களைக் கண்டார்கள். அந்த இடத்தைக் குறிபார்த்துச் சின்னதாகக் காற்றுத்தாரை பாய்ச்சினால் அதிர்வு அடங்குகிறது. வேறு இடத்தில் பாய்ச்சினால் அந்தப் பலன் இல்லை. ரைக்கேயின் கம்பிவலையைப் போலவேதான்: எவ்வளவு என்பதைவிட எங்கே, எப்போது.

5

இனி, பக்கத்தில் நிற்கிற ஆள்.

பாய்லரிலும் பெரிய பர்னரிலும் இதே உறுமல் வருவதுண்டு. பல வருஷம் பர்னர் பக்கத்தில் நின்றவர்கள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தைப் பார்ப்பார்கள். ‘பார்ப்பது’ என்றுதான் சொல்வார்கள். சத்தம் கலகலன்னு இருந்தால் கவலைப்படமாட்டாங்க. ஒரே மாதிரி இழுக்க ஆரம்பிச்சால் கை டேம்பருக்குப் போகும். எல்லா உறுமலும் வெப்ப-ஒலி நிலைகுலைவு அல்ல. புளோயர் பேரிங் தேய்ந்தாலும், தகடு தளர்ந்தாலும் சத்தம் மாறும். அந்தக் காதுக்கு ஹர்ஸ்ட் எண்ணைக் கணக்கிடவும் தெரியாது. ஆனால் ஒழுங்கின்மை குறைவதே முதல் அடையாளம் என்று இப்போது கணிதம் சொல்லும் திசையில்தான் அந்தக் காதும் இருந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, ‘எல்லாம் நம்மாளுக்கு முன்னமே தெரியும்’ என்று பெருமை பேசுவது அபத்தம். தெரிந்திருந்தது அளவாகவில்லை, பதிவாகவில்லை, அடுத்த ஆளுக்குக் கைமாறவில்லை என்பதல்லவா பிரச்சினை? ஷிப்ட் லாக் புத்தகத்தில் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் கட்டம் இருக்கிறது. சத்தத்துக்குக் கட்டம் இருக்கிறதா?

இதற்குள் ஒரு கொடுமையும் இருக்கிறது. எந்தக் காது இந்த அறிவைச் சேர்க்கிறதோ அந்தக் காதையே இரைச்சல் தின்கிறது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாக வைத்திருந்த உச்சவரம்பு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டமே வைத்திருந்தது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள். பேச்சில் மெய்யெழுத்துகள் மங்கும். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் சொல்வது பாதி கேட்காது. சொல்லப்போனால், அனுபவம் முற்றும்போது கேள்வி குறைகிறது. பத்து மாதக் கான்ட்ராக்ட்டில் வந்து போகிறவருக்கோ கேள்வி இருக்கும், அனுபவம் சேராது.

அதனால் கருவிகள் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ராக்கெட்டுக்கும் விமானத்துக்கும் கிடைக்கிற முன்னெச்சரிக்கை சாதாரண பர்னருக்கும் வர வேண்டும். ஆனால் ஆராய்ச்சி காட்டும் அந்த நடுக்கட்டத்தை ஷாப் ஃப்ளோரில் வைத்து யோசியுங்கள். உறுமல் கிளம்புகிறது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் அடங்கிவிடுகிறது. ‘போயிடுச்சு பாரு, ஓட்டு’ என்று சொல்வதற்கு இதைவிட வசதியான சந்தர்ப்பம் கிடையாது. உற்பத்தி அவசரம் அந்த அடங்கலைக் குணமாகிவிட்டதாக வாசிக்கிறது. கணிதமோ, வந்து வந்து போவதுதான் நெருங்குவதன் அடையாளம் என்கிறது. இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லி, பர்னரை அணைக்கும் உரிமை யார் கையில்? பக்கத்தில் நிற்பவர் கையிலா, ஏ.சி. அறையில் டார்கெட் பார்ப்பவர் கையிலா? அந்த உரிமை பக்கத்தில் நிற்பவருக்கு இல்லாவிட்டால், அலாரம் இன்னொரு சத்தமாகத்தான் இருக்கும்.

6

இதை அப்படியே சமூகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. ஒரே சுருதி என்றதும் ஒரே மொழி, ஒரே கோஷம், ஒரே தலைவர் என்று எழுதிவிடலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும், இப்போது இந்தியும் ஒடியாவும் ஒரே டீக்கடையில் கேட்கிற ஓசூருக்கு இந்த உவமை நன்றாகப் பொருந்துவது போலவும் தோன்றும். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டு, எல்லை தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. நடுவில் வந்து வந்து அடங்கிய சின்னக் கிளம்பல்கள் எதுவும் இல்லையா என்று கேட்கத் தோன்றும்.

உவமையை இங்கேயே நிறுத்தச் சொல்வேன். எரியறையில் காற்றுத் துகளுக்கு நோக்கம் கிடையாது. கலவரத்தில் நோக்கமும் ஆதாயமும் உள்ள ஆட்கள் உண்டு. வேலைநிறுத்தத்தில் ஆயிரம் பேர் ஒரே குரலில் கேட்பதும் ஒத்திசைவுதான். அதை நிலைகுலைவு என்று சொல்ல ஒரு நிர்வாகி எப்போதும் தயாராக இருப்பார். ஒழுங்கு கெட்டது, ஒழுங்கின்மை நல்லது என்ற பழைய சமன்பாட்டைத் தலைகீழாகவோ நேராகவோ இந்த ஆராய்ச்சி நிரூபிக்கவில்லை. எரியறையை ஆளுக்கு ஆள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பதுதான் தொண்ணூறுகளில் நடந்தது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது முடிவுகளை அல்ல, கேள்வி கேட்கும் முறையை. எது திரும்பி வந்து தீயை ஆட்டுகிறது? எந்தச் சுவர் அதைத் திருப்பி அனுப்புகிறது? எங்கே செலவாகியிருக்க வேண்டிய அதிர்வு செலவாகாமல் தங்கிவிட்டது? கொஞ்ச நேரம் வந்து அடங்கியதை யார், எந்த அவசரத்தில், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார்கள்? தீயை மட்டும் குற்றம் சொல்வதை ராலேயின் விதி அனுமதிப்பதில்லை. தீயும் அறையும் சேர்ந்துதான் பாடுகின்றன.

அறையைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். முதல் கூட்டத்தின் கணக்கும் இரண்டாம் கூட்டத்தின் காதும் ஒரே மேஜைக்கு வரும் நாள் இன்னும் வரவில்லை. சிப்காட்டின் தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்: லாக் புத்தகத்தில் சத்தத்துக்கு ஒரு கட்டம், வருஷா வருஷம் காதுப் பரிசோதனை, அணைப்பதற்கு ஒரு கை.